புகைக்கு வழி விட்டுச் சுடுவது: சிறிய கார்பன்-கார்பன் தகடு செய்யும் முறை

களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் நடுவில், படந்தாலுமூட்டில் என் வீட்டுப் பின்புறம் ஒரு ஷெட் இருக்கிறது. அப்பா காலத்தில் அது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. இப்போது அதில் ஒரு மஃபிள் பர்னஸ் (மூடிய மின்சூளை), கையால் இயக்கும் ஹாட் பிரஸ் (சூட்டோடு அழுத்தும் கருவி), வேக்குவம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர் எல்லாம் இருக்கின்றன. 22 வருடம் திருவனந்தபுரம் பக்கம் ஒரு கூட்டுப்பொருள் (நாரும் பிசினும் சேர்த்துச் செய்யும் பொருள்) பட்டறையில் வேலை பார்த்தேன். காலையில் குழித்துறையில் பாசஞ்சர் ஏறினால் இருட்டியபின்தான் திரும்புவேன். வேலையை விட்ட பிறகு, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கல்லூரிகளிலிருந்து கடைசி வருடப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வருகிறார்கள். மார்த்தாண்டத்துப் பிள்ளைகளுக்கு நான் அக்கா, பாறசாலைப் பிள்ளைகளுக்குச் சேச்சி. ஒவ்வொரு வருடமும் ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருப்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

செய்யப்போவது 60 மில்லிமீட்டர் சதுரத்தில், இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சின்னத் தகடு. முதல் துணியை வெட்டுவதிலிருந்து கடைசி எடை பார்ப்பது வரை ஒன்றரை மாதம் ஆகும். அவ்வளவு நாள் இல்லை என்றால் வேறு புராஜெக்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சைக்கிள் பிரேமிலும் பாட்மிண்டன் மட்டையிலும் இருக்கும் கார்பன் பைபரில், நார் மட்டும்தான் கார்பன். நாரைப் பிடித்து வைத்திருப்பது எப்பாக்ஸி போன்ற ஒரு பிசின். 200 டிகிரி தாண்டினால் பெரும்பாலான பிசின் தளர்ந்துவிடும். கார்பன்-கார்பனில் நாரும் கார்பன், நாரைப் பிடித்திருப்பதும் கார்பன். காற்று படாமல் வைத்தால் 2000 டிகிரியிலும் வலிமை குறையாது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடும். இரும்பு உருகி ஓடும் சூட்டில் இது அப்படியே நிற்கும், அதுவும் அலுமினியத்தைவிடக் குறைந்த எடையில்.

இது 1958-இல் அமெரிக்காவில், சான்ஸ் வாட் என்ற விமானக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். பினாலிக் பிசினில் (பினாலும் பார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்யும் பிசின்) நார் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, பிசினை எரித்து நீக்கப் பார்த்திருக்கிறார்கள். சோதனை பிசகி, பிசின் எரியாமல் கரியாகி நாரோடு ஒட்டி நின்றது. அந்தப் பிசகைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்துப் பார்த்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிறகு கன்கார்டு விமானத்தின் பிரேக், ஸ்பேஸ் ஷட்டிலின் மூக்கு, இறக்கையின் முன்விளிம்பு என்று எங்கெங்கோ போய்விட்டது.

நம் பக்கத்திலேயே இருக்கிறது. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ சோதனை மையத்தில் 2024 மார்ச் 19 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட இஞ்சினுக்கான கார்பன்-கார்பன் நாசிலை (எரிந்த வாயு வெளியே பாயும் கூம்பு) 60 நொடி எரித்துச் சோதித்தார்கள். ஏப்ரல் 2 அன்று 200 நொடி. செய்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். முன்பு அந்த இடத்தில் கொலம்பியம் உலோகக் கலவை இருந்தது. கார்பன்-கார்பனுக்கு மாற்றியதில் அந்தப் பகுதியின் எடை 67 சதவீதம் குறைந்து, ராக்கெட் கூடுதலாக 15 கிலோ சுமக்கலாம் என்று ஆனது. அந்த நாசிலுக்கும் என் ஷெட்டில் செய்யும் தகட்டுக்கும் அளவிலும் தரத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் பச்சைத் தகட்டை, அதாவது பிசின் இறுகி இன்னும் சுடாத தகட்டைக் கரியாக்குவது என்ற முதல் படி இரண்டுக்கும் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது

அப்பாவுக்கு ரப்பர் வெட்டுத்தான் தொழில். பால் உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிடுவார். முதல் நாள் அடுப்பில் தீ சின்னதாகத்தான் இருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடு ஏற்றினால் மேல்தோல் முதலில் காய்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் ஷீட்டுக்குள் குமிழாக நிற்கும். அந்த ஷீட்டுக்குத் தரம் இறங்கிவிடும்.

கார்பன்-கார்பனும் இதேதான். பினாலிக் பிசினை 1000 டிகிரிக்குக் காற்றில்லாமல் சூடாக்கினால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கரியாக நிற்கும். மீதி தண்ணீர் ஆவி, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன், தார் என்று வெளியே போகும். அது போவதற்கு வழியும் நேரமும் கொடுப்பதுதான் இந்த வேலை. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் இதுவே.

தொடங்கும் முன்

இதை வீட்டுக்குள், சமையலறையில், பூட்டிய அறையில் செய்யக் கூடாது. பர்னஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நைட்ரஜன் விஷமல்ல, ஆனால் சின்ன அறையில் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. மயக்கம் வருவதற்கு முன் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. என் ஷெட்டில் எதிரெதிர் சுவரில் இரண்டு பெரிய திறப்பு, பர்னஸுக்கு மேல் வெளியே இழுக்கும் ஃபேன், மூக்கு உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம். அலாரம் வாங்கக் காசில்லை என்று சொன்ன ஒரு பையனை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவன் அடுத்த மாதம் அலாரத்தோடு வந்தான்.

பினாலிக் பிசினில் பினாலும் பார்மால்டிஹைடும் மிச்சம் இருக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணுக்கும் கெடுதல். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஆவி தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது.

துணியும் பிசினும்

துணி: பான் (பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழை) வகைக் கார்பன் நாரில் நெய்த சாதாரண நெசவு, 3கே இழை, சதுர மீட்டருக்கு 200 கிராம். 3கே என்றால் ஒரு இழைக்குள் 3000 நார். ஒவ்வொரு நாரும் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. பலராமபுரம் தறியில் பாவும் ஊடும் ஒன்று விட்டு ஒன்று மேல் கீழாகப் போகுமே, அதே நெசவுதான். சாட்டின் நெசவில் இழை மடிவது குறைவு, வலிமை கூட வரும். ஆனால் வெட்டும்போது பிரிந்து போகும். முதல் தகட்டுக்குச் சாதாரண நெசவு போதும்.

கடையில் வரும் துணியில் எப்பாக்ஸிக்கு ஏற்ற ஒரு பூச்சு இருக்கும். அதை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. சாதாரணக் கார்பன் பைபர் வேலையில் பிசின் நாரை இறுகப் பிடிக்க வேண்டும் என்று பாடுபடுவோம். இங்கே ரொம்ப இறுகப் பிடித்தால், பிசின் கரியாகிச் சுருங்கும்போது நாரையும் சேர்த்து உடைத்துவிடும். கொஞ்சம் தளர்வாகப் பிடித்தால்தான் முடிவில் கிடைக்கும் தகடு கண்ணாடிபோல் நொறுங்காமல் இருக்கும்.

பிசின்: ரெசோல் வகைப் பினாலிக் (சூடாக்கினாலே இறுகும் வகை), ஆல்கஹாலில் கரைத்தது, 60 சதவீதம் திடப்பொருள். பழைய ஸ்டாக் வாங்காதீர்கள். வெயிலில் கிடந்த டின்னில் பாதி இறுகிப்போயிருக்கும். வந்ததும் பிரிட்ஜில் வையுங்கள், சாப்பாடு வைக்கும் பிரிட்ஜில் அல்ல.

70 மில்லிமீட்டர் சதுரமாக 12 துண்டு வெட்டுங்கள். விளிம்பைப் பிறகு வெட்டித் தள்ளப்போகிறோம் என்பதால்தான் 10 மில்லிமீட்டர் கூடுதல். 12 துண்டும் சேர்ந்து ஏறத்தாழ 12 கிராம் இருக்கும். அதற்கு 15 கிராம் பிசின் கரைசல். தட்டையான பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவி, கம்பியில் கிளிப் போட்டு ஒரு நாள் தொங்கவிடுங்கள். ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் மழை விடாது. அப்போது இரண்டு நாள் கொடுங்கள்.

அப்புறம் ஓவனில் 85 டிகிரியில் கொஞ்சநேரம். எத்தனை நிமிடம் என்பது பிசினைப் பொறுத்தது. தொட்டால் கையில் ஒட்டாமல், இரண்டு துண்டைச் சூடாக அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், அதுதான் பதம். கையை மட்டும் நம்பாமல் எடையும் பாருங்கள்: ஒரு சின்னத் துண்டை எடை போட்டு, 150 டிகிரியில் 15 நிமிடம் வைத்து மறுபடி எடை போட வேண்டும். எடை 8 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 4-க்குக் கீழே என்றால் முற்றிப்போய்விட்டது, அடுக்கு ஒட்டாது.

அழுத்துவது

இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில், மேலும் கீழும் டெஃப்லான் பூசிய கண்ணாடித் துணி வைத்து, 12 அடுக்கையும் பாவு ஒரே திசையில் வருமாறு அடுக்குங்கள். பிரஸ்ஸை 80 டிகிரியில் வைத்து லேசான அழுத்தத்தில் அரைமணி. 110-க்கு வந்ததும் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ, அதாவது இந்த அளவுத் தகட்டுக்கு ஏறத்தாழ அரை டன்.

இந்த இடத்தில் பிரஸ்ஸை மூச்சு விட வைக்க வேண்டும். பினாலிக் இறுகும்போது தண்ணீர் விடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைத் தளர்த்தி, உஸ் என்று ஆவி போனதும் திரும்ப அழுத்துங்கள். மூன்று நான்கு தடவை. பிசின் கூழாகிவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் தளர்த்தினால் அடுக்கு பிரியும். விளிம்பில் வழியும் பிசினைத் தீக்குச்சியால் தொட்டு இழுத்துப் பாருங்கள்: நூலாக வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, நூல் அறுந்தால் முடிந்தது.

பிறகு 150-இல் ஒரு மணி, 170-இல் ஒரு மணி. அழுத்தத்தோடேயே ஆறவிட்டு எடுத்து, வைரச் சக்கரத்தில் 60 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். என் நோட்டில் கடைசியாகச் செய்த தகடு இந்த நிலையில் 14.4 கிராம், 2.6 மில்லிமீட்டர். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.54 கிராம்.

பிரஸ்ஸிலிருந்து எடுத்ததை நேராகப் பர்னஸில் போடக் கூடாது. ஓவனில் 150-இலிருந்து 220 வரை மணிக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 220-இல் நான்கு மணி நேரம் வையுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட ஆசை வரும். தகடு ஏற்கெனவே கல்மாதிரித்தானே இருக்கிறது என்று தோன்றும். கல்மாதிரி இருந்தாலும் உள்ளே இறுகாத பிசின் இருக்கும், அது பர்னஸில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடும்.

சுடுவது

மூடி உள்ள ஸ்டீல் பெட்டி ஒன்று, 310 கிரேடு. சாதாரண 304 ஸ்டீல் இரண்டு மூன்று சூட்டில் செதில் செதிலாக உதிரும். பெட்டிக்குள் தகட்டைச் சுற்றி நிரப்பக் கரித்தூள் வேண்டும். எங்கள் ஊரில் சிரட்டைக் கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாங்கியபடியே போடாதீர்கள். அதில் தார் மிச்சமிருக்கும். இறுக மூடிய டின்னில் ஒரு தடவை 900 டிகிரிக்குச் சுட்டு, ஆறியபின் இடித்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனோடு தப்பித்தவறி ஆக்சிஜன் வந்தால் தகட்டுக்கு முன் இந்தக் கரி அதை எடுத்துக்கொள்ளும். தகட்டின் மேலும் கீழும் மெல்லிய கிராஃபைட் தகடு வைத்தால் வளையாது.

நைட்ரஜன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். 7 கன மீட்டர் சிலிண்டர் 116 மணி நேரம் வரும், ஒரு சூட்டுக்குத் தாராளம். வெளியே போகும் குழாய் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தார் படிந்து அடைக்கும். நான் அதை ஒரு காலி பாட்டில் வழியாகவும், பிறகு எண்ணெய் பாட்டில் வழியாகவும் விட்டு, ஷெட்டுக்கு வெளியே கூரைக்கு மேல் கொண்டுபோகிறேன். முதல் பாட்டிலில் தார் நிற்கும். இரண்டாவதில் குமிழ் வரும். குமிழ் நின்றால் வழி அடைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே பார்க்க வேண்டும்.

சூடு ஏற்றும் கணக்கு இது. அறைச் சூட்டிலிருந்து 200 வரை மணிக்கு 60 டிகிரி. 200-இலிருந்து 600 வரை மணிக்கு 10 டிகிரி. 600-இலிருந்து 1000 வரை மணிக்கு 30 டிகிரி. 1000-இல் ஒரு மணி நேரம் நிறுத்தம். அப்புறம் பர்னஸை அணைத்துவிட்டு நைட்ரஜனை மட்டும் ஓடவிட வேண்டும்.

நான் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குவேன். ஒன்பது மணிக்கு 200 தாண்டும். அன்று இரவும் சனிக்கிழமை பகலும் 300-இலிருந்து 500 வரை போகும், குமிழ் சடசடவென்று வரும் நேரம் அது. அந்த இரவு யாராவது ஒருவர் ஷெட்டில் விழித்திருக்க வேண்டும். ஞாயிறு காலை பூசை முடிந்து வரும்போது 850-ஐ நெருங்கியிருக்கும், குமிழ் அடங்கி நைட்ரஜன் மட்டும் அமைதியாக வரும். மாலையில் அணைத்தால் திங்கள் காலை திறக்கலாம். 100 டிகிரிக்குக் கீழே வராமல் திறக்காதீர்கள். சூடான கார்பனில் காற்று பட்டால் மூன்று நாள் உழைப்பு விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டு போகும்.

கரண்ட் போவதைப் பற்றிக் கேட்பார்கள். கன்ட்ரோலரில் கரண்ட் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைத்து வையுங்கள். பழைய கன்ட்ரோலர் சில, ஆறிப்போன பர்னஸைப் பழைய சூட்டுக்கு ஒரே ஓட்டமாகக் கொண்டுபோகும். 350 டிகிரியில் அது நடந்தால் தகடு போச்சு. அரைமணி கரண்ட் இல்லாவிட்டால் பெரிய கெடுதல் இல்லை, நைட்ரஜனுக்குக் கரண்ட் வேண்டாமே.

மணிக்கு 10 டிகிரி ரொம்ப மெதுவாக இல்லையா, இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு 20-இல் போகலாமே என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார். போகலாம், சில நேரம் தப்பித்தும் வரும். நான் போகமாட்டேன், காரணம் இருக்கிறது. பட்டறையில் எனக்கு மூன்றாம் வருடம். 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையம், நான்கு பேர் இரண்டு வாரமாக அடுக்கியது. கேட்ட தேதி நெருங்கிவிட்டது, மணிக்கு 60-இல் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றியது நான்தான், சொன்னதைச் செய்தேன். திறந்து பார்த்தபோது வளையம் நடுவில் பூரிபோல் உப்பி, அடுக்குகளுக்கு நடுவில் என் விரல் போகும் அளவு பிளந்திருந்தது. அடுக்கியவர்களில் ஒரு அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து சூட்டுக் கணக்கில் நான் யாருக்காகவும் வளைந்து கொடுத்ததில்லை.

திறந்ததும் பார்க்க வேண்டியது

முதலில் தட்டிப் பாருங்கள். தகட்டை இரண்டு நூல்மேல் வைத்து ஐந்து ரூபாய் நாணயத்தால் மேலெங்கும் தட்ட வேண்டும். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அந்தக் காது போதும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ணங் என்றால் நல்லது. ஓரிடத்தில் டொக் என்றால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியால் அங்கே குறி போட்டு வையுங்கள்.

அடுத்து எடை. என் தகடு 14.4-இலிருந்து 11.8 கிராமுக்கு வந்தது. நீளமும் அகலமும் ஏறக்குறைய மாறாது, நார் விடாது. கனம் மட்டும் 2.55-க்குச் சுருங்கியது. அடர்த்தி 1.29. கையில் எடுத்தால் பொருளே இல்லாததுபோல் இருக்கும், விளிம்பை நகத்தால் சுரண்டினால் தூள் வரும். பிள்ளைகள் முகம் வாடிப்போகும். மக்களே, இது பாதி வழிதான் என்று அப்போது சொல்வேன்.

லென்ஸில் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் தெரியும். பிசின் சுருங்கியது, நார் சுருங்கவில்லை, நடுவில் வெடித்தது. இந்த வெடிப்புகள் வேண்டும். வெளியே போன புகை போட்டுவிட்டுப் போன வழி இது, இதே வழியாகத்தான் அடுத்த பிசின் உள்ளே போகப்போகிறது. கணக்குப் போட்டால் இந்தத் தகட்டில் நாலில் ஒரு பங்கு வெற்றிடம்.

திரும்பத் திரும்ப நிரப்புவது

மேற்பரப்பை 220 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்த்துத் துளைகளின் வாயைத் திறந்துவிடுங்கள். 110 டிகிரியில் ஒரு மணி உலர்த்தி, வேக்குவம் ஜாடிக்குள் வைத்து, அரைமணி காற்றை இழுங்கள். காற்று போன பிறகு மேலிருந்து குழாய் வழியாகப் பிசின் கரைசலை விட்டுத் தகடு மூழ்க வேண்டும். முதலிலேயே பிசினில் போட்டுவிட்டு வேக்குவம் இழுத்தால் காற்று பிசினுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், பாதிதான் நிரம்பும். மூழ்கியதும் மெதுவாகக் காற்றைத் திரும்ப விடுங்கள். வெளிக்காற்றின் அழுத்தமே பிசினை உள்ளே தள்ளும். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

எடுத்துத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, ஓவனில் படிப்படியாக 170 வரை கொண்டுபோய் இறுகவைத்து, மறுபடியும் பர்னஸ். இந்தத் தடவை 200-க்கும் 600-க்கும் நடுவில் மணிக்கு 20 டிகிரி போகலாம், ஏனென்றால் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது, விட வேண்டிய புகையும் குறைவு.

என் நோட்டில் உள்ளபடி: முதல் நிரப்பலுக்குப் பின் 12.5 கிராம். இரண்டாவதில் 13.0. மூன்றாவதில் 13.3. நான்காவதில் 13.5, அடர்த்தி 1.47. ஒவ்வொரு தடவையும் ஏறுவது குறைந்துகொண்டே வருவதைப் பாருங்கள். போகும் வழி குறுகிக்கொண்டே வருகிறது, சில துளைகள் வாய் மூடிவிட்டன. நான்குக்கு மேல் இந்த முறையில் போவது நேர விரயம் என்பது என் முடிவு. நான்காவதற்குப் பின் நகத்தால் சுரண்டினால் தூள் வராது, தட்டினால் ஓசை மேலே ஏறியிருக்கும்.

பெரிய இடங்களில் 1.6-இலிருந்து 1.9 வரை கொண்டுபோகிறார்கள். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பினாலிக்குக்குப் பதில் தாரிலிருந்து எடுத்த பிட்ச்சை ஆயிரம் வளிமண்டல அழுத்தம் வரை கொடுத்து உள்ளே வைத்தே கரியாக்குவது; அழுத்தம் இருப்பதால் கூடுதலாகக் கரி நிற்கும். இன்னொன்று, குறைந்த அழுத்தத்தில் 1000 டிகிரிக்குமேல் மீத்தேனை ஓடவிட்டு, அந்த வாயுவே துளைக்குள் போய்க் கார்பனாகப் படிய வைப்பது. அது வாரக்கணக்கில் ஓடும். நடுவில் வெளித்தோல் மூடிக்கொண்டால் எடுத்துச் சீவிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். மகேந்திரகிரி நாசிலில் இந்த வாயு முறைதான். இரண்டையும் ஷெட்டில் முயலாதீர்கள், அழுத்தமும் மீத்தேனும் விளையாட்டுக்குரியவை அல்ல. 2000 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்க் கிராஃபைட்டாக்குவதும் நம் பர்னஸில் நடக்காது.

காற்று என்ற எதிரி

வெட்டித் தள்ளிய விளிம்பையும் கூடவே சுட்டு எடுத்து வையுங்கள், ஒரு சோதனைக்கு வேண்டும். அதை எடை போட்டு, நைட்ரஜன் இல்லாமல், திறந்த பர்னஸில் 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் திரும்ப எடை போடுங்கள். குறைந்திருக்கும், ஓரம் மெலிந்திருக்கும். 2000 டிகிரியைத் தாங்கும் பொருள் காற்றில் 500-ஐத் தாண்டினாலே தேயத் தொடங்கிவிடும்.

அதனால்தான் ராக்கெட் நாசிலுக்கு மேலே சிலிக்கான் கார்பைடு பூச்சு போடுகிறார்கள், ஷட்டில் இறக்கைக்கும் போட்டிருந்தார்கள். அந்தப் பூச்சு முழுதாக இருக்கும்வரைதான் பாதுகாப்பு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா என்ற ஷட்டில் திரும்பும்போது உடைந்தது கார்பன்-கார்பனில் செய்த இறக்கை முன்விளிம்பில்தான். மேலே கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டிருந்தது. திரும்பி வரும்போது அந்த வழியாகச் சூடான வாயு உள்ளே போய் இறக்கையை உருக்கியது. கல்பனா சாவ்லாவோடு ஏழு பேர் போய்விட்டார்கள். அந்த வாரம் பட்டறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சூட்டைத் தாங்கும் பொருள் அடியையும் தாங்கும் என்று எண்ணக் கூடாது என்பதை நான் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்வேன்.

பூச்சைச் செய்ய 1600 டிகிரிக்கு மேல் ஆர்கானில் சிலிக்கான் தூளோடு புதைத்துச் சுட வேண்டும். நம் தகடு பூச்சில்லாமல்தான் இருக்கும், அதைக் காற்றில் 400 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

வெட்டும்போதும் சோதிக்கும்போதும்

வெட்டுவது வைரச் சக்கரத்தில், பக்கத்திலேயே வேக்குவம் கிளீனர் வைத்து. கார்பன் தூள் கரண்ட் கடத்தும். ஒரு தடவை பர்னஸ் கன்ட்ரோலருக்கு மூன்றடி தள்ளி வெட்டினேன், இரண்டு நாளில் அதன் போர்டு கருகியது. இப்போது வெட்டுவது ஷெட்டுக்கு வெளியே, பலா மரத்தடியில். முழுக்கை சட்டை போடுங்கள், முள் போல் தோலில் ஏறும். சட்டையைத் தனியாகத் துவையுங்கள், வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று புள்ளி வளைவுச் சோதனைக்கு 10 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். டொக் என்று குறி போட்ட இடம் எந்தப் பட்டையில் வருகிறது என்று எழுதி வையுங்கள், அது முதலில் உடையும். உடையும்போது கண்ணாடிபோல் ஒரே அடியாக உடைகிறதா, நார் நாராக இழுபட்டு மெதுவாக விடுகிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். அசிட்டோனில் ஊறவைத்ததற்குப் பலன் அங்கேதான் தெரியும்.

சோதனைக்கு முன்னால் பட்டைகளை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி எடுத்துப் போங்கள். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், துளைகள் அதைக் குடிக்கும். உலர்த்தாத பட்டையைத் தராசில் வைத்து, அடர்த்தி 1.5 தாண்டிவிட்டது சேச்சி என்று போன வருடம் ஒரு பெண் சந்தோஷமாகப் போன் செய்தாள். உலர்த்திப் பார்த்தபோது 1.46.